பாக்கெட் வரவில்லை என்றதும் ரீட்ரை எண்ணை ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவியல் பக்கத்தில் வயர்லெஸ் சென்சார் வலைப்பின்னல்களைப் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. சிக்கலான விஷயத்தை யாருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. வழியில் பாக்கெட் (ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு) தொலைந்தால் நோடு (ரேடியோ உள்ள சின்ன சென்சார் கருவி) தானே அதை மறுபடி அனுப்பிவிடும், ஆகவே தரவு போய்விடுமோ என்ற பயம் வேண்டாம் என்கிற அர்த்தத்தில் போகிற போக்கில் சொல்லியிருந்தார்கள். கல்லூரி புராஜெக்ட் செய்கிறவர்கள் முதல் களத்தில் நூறு நோடுகளை நட்டுவிட்டு வருகிறவர்கள் வரை பலர் இதை அப்படியே நம்பித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தரவு ஒழுங்காக வரவில்லையா, ரீட்ரை எண்ணை, அதாவது எத்தனை தடவை மறுபடி முயல வேண்டும் என்பதை, 3-லிருந்து 10 ஆக்கு. அப்படியும் வரவில்லையா, 15 ஆக்கு. அதற்கும் மசியவில்லை என்றால் ரூட்டிங் (பாக்கெட் போகும் வழியைத் தேர்வது) சரியில்லை என்று புரோட்டோகாலையே மாற்று. பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. அளவுக்கு மீறி ரீட்ரான்ஸ்மிஷன் (மறுபடி அனுப்புவது) நடக்கிறது என்றால் எங்கேயோ ஏதோ இடிக்கிறது. என்ன இடிக்கிறது என்று பார்க்காமல் எண்ணை ஏற்றுவது ஏன் பல நேரம் நிலைமையை இன்னும் கெடுக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இடம் இருக்கிற அளவுக்குப் போடுங்கள்.

முதலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். இந்த நோடுகளில் பெரும்பாலானவை பேசுவது ஐஇஇஇ 802.15.4 என்ற தரப்படி. 2.4 கிகாஹெர்ட்ஸில் வினாடிக்கு 250 கிலோபிட் வேகம், ஒரு பாக்கெட் அதிகபட்சம் 127 பைட். அனுப்ப வேண்டிய நோடு முதலில் காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துப் பார்க்கும், அமைதியாக இருந்தால் அனுப்பும், அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்று எதிர்முனை சொல்லும் ஒப்புகைக்காகக் காத்திருக்கும். எவ்வளவு நேரம்? 864 மைக்ரோவினாடி, அதாவது ஒரு மில்லிவினாடிகூட முழுசாக இல்லை. அதற்குள் எதிர்முனையில் இருக்கும் நோடு பாக்கெட்டை வாங்கி, பிழை இருக்கிறதா என்று சரிபார்த்து, ரேடியோவை வாங்கும் நிலையிலிருந்து அனுப்பும் நிலைக்குத் திருப்பி (அதற்கே 192 மைக்ரோவினாடி), ஐந்து பைட் நீளமுள்ள ஒரு குட்டி ஒப்புகையை அனுப்பியாக வேண்டும். வரவில்லையா, மறுபடி அனுப்பும். தரத்தில் உள்ள டிஃபால்ட் 3 ரீட்ரை, முதல் தடவையோடு சேர்த்து மொத்தம் 4. நாலும் போனால் ஒப்புகை இல்லை என்று மேலே உள்ள மென்பொருள் அடுக்குக்குச் சொல்லிவிட்டுக் கைவிட்டுவிடும்.

இதில் அனுப்பும் நோடுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: ஒப்புகை வரவில்லை. பாக்கெட் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வரவில்லை என்பதால் கடிதமே போகவில்லை என்று யாரும் முடிவுகட்ட மாட்டோம், ஆனால் நோடு அப்படித்தான் முடிவுகட்டுகிறது, அதைப் பார்த்து நாமும் முடிவுகட்டுகிறோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் பார்த்த ஒரு வலைப்பின்னலில் 7-ஆம் நோடு தன் பேரன்ட்டான (அதன் தரவை வாங்கி மேலே கடத்தும் நோடு) 3-ஆம் நோடுக்கு அனுப்பிய பாக்கெட்டுகளில் முக்கால்வாசி, நாலு முயற்சியும் தோற்றுக் கைவிடப்பட்டுக்கொண்டிருந்தன. 7-இன் லாக்கில் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) இப்படி இருக்கும்: வரிசை எண் 118, முயற்சி 1, ஒப்புகை இல்லை; 118, முயற்சி 2, ஒப்புகை இல்லை; மூன்றாவதும் அப்படியே, நாலாவதும் அப்படியே, அப்புறம் கைவிடப்பட்டது. லிங்க் (இரண்டு நோடுகளுக்கு இடையிலான தொடர்பு) படு மோசம், நடுவில் இன்னொரு நோடு வைத்தால்தான் சரிப்படும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். 3-ஆம் நோடில் கேபிளைச் செருகி அதன் லாக்கை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் பார்த்தபோது, 118 வந்திருக்கிறது, மறுபடி 118, மறுபடி 118, மறுபடி 118. நாலும் சுத்தமாக, நல்ல சிக்னலோடு வந்திருக்கின்றன. முதலாவதை மேலே அனுப்பிவிட்டு மற்ற மூன்றையும் டூப்ளிகேட் என்று ஒழுங்காகத் தூக்கிப் போட்டிருக்கிறது. சிங்க்கில் (எல்லாத் தரவும் கடைசியில் வந்து சேரும் நோடு) தேடினால் 118 பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. 7 மட்டும் அது தொலைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வேறு பேரன்ட்டைத் தேடி அலைந்துகொண்டிருந்தது. காரணம் ரொம்பச் சாதாரணம். ஏதோ சோதனைக்காக 3-இன் அனுப்பும் சக்தியைக் குறைத்து வைத்திருந்தார்கள், திரும்ப ஏற்றவில்லை. 7 கத்துவது 3-க்குக் கேட்டது, 3 முணுமுணுத்தது 7-க்குக் கேட்கவில்லை. 3-க்கு மேலே இருந்த நோடு பக்கத்திலேயே இருந்ததால் அந்தப் பக்கம் எந்தக் குறையும் வெளியே தெரியவில்லை.

இந்த மாதிரி இடத்தில் ரீட்ரையை 10 ஆக்கினால் என்ன ஆகும்? ஏற்கனவே போய்ச் சேர்ந்த பாக்கெட் இன்னும் ஏழெட்டுத் தடவை வெட்டியாகப் போகும், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, தொலைவது பாக்கெட்டா ஒப்புகையா என்று பார்ப்பது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அனுப்பும் நோடில் எத்தனை முயற்சி என்ற எண்ணிக்கையும், வாங்கும் நோடில் எத்தனை டூப்ளிகேட் வந்தது என்ற எண்ணிக்கையும் இருந்தால் போதும். முயற்சி எவ்வளவோ டூப்ளிகேட்டும் ஏறக்குறைய அவ்வளவு என்றால் ஒப்புகைதான் தொலைகிறது. டூப்ளிகேட்டே இல்லை, ஆனால் முயற்சி மட்டும் ஏறுகிறது என்றால் பாக்கெட்தான் தொலைகிறது. ஒப்புகை தொலைவதற்கு சக்தி குறைவு மட்டும் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அனுப்பும் நோடின் பக்கத்தில் ஏதாவது இரைச்சல் இருந்தால் அதற்கு மட்டும் காது அடைத்துப்போகும். ஒப்புகையை ரேடியோ சிப் தானாகப் போடாமல் மென்பொருள் போடுகிறது என்றால், வாங்கும் நோடில் வேறு ஏதோ இன்டரப்ட் (குறுக்கே வந்த அவசர வேலை) ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த 864 மைக்ரோவினாடி தாண்டிவிடும். ஒப்புகை போகும், ஆனால் தாமதமாகப் போகும், அதற்குள் அனுப்பும் நோடு அடுத்த முயற்சிக்குக் கிளம்பியிருக்கும், சில நேரம் இரண்டும் காற்றிலேயே மோதிக்கொள்ளும். ஸ்னிஃபர் (காற்றில் போகும் பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்கும் கருவி) ஒன்றை நடுவில் வைத்து நேரத்தைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும், லாக்கை மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது.

அடுத்து, அனுப்பவே இல்லாத பாக்கெட். சிரிப்பாக இருக்கும், ஆனால் நிறைய நடக்கிறது. காற்றில் யாரோ பேசிக்கொண்டிருந்தால் நோடு கொஞ்ச நேரம் ஒதுங்கிக் காத்திருந்து மறுபடி பார்க்கும். தரப்படி முதல் தடவைக்குப் பிறகு இன்னும் 4 தடவை இப்படிப் பார்க்கலாம், அப்போதும் இடம் கிடைக்கவில்லை என்றால் சேனல் கிடைக்கவில்லை என்று கைவிடும். இது ஒரு தோல்வி, ஒப்புகை இல்லை என்பது வேறொரு தோல்வி. தரத்திலேயே இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கிறது. ஆனால் ரேடியோவை இயக்கும் எத்தனையோ டிரைவர் மென்பொருள்களிலும் மாணவர்கள் எழுதும் நிரல்களிலும் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ‘தோல்வி’ என்று ஒரு எண்ணை மட்டும் ஏற்றிவிடுகிறார்கள். லிங்க் நன்றாக இருந்து நெரிசல்தான் காரணம் என்றால் அந்த லிங்க்கைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. இரண்டு எண்ணிக்கைகளைப் பிரித்து வைத்தாலே குழப்பத்தில் பாதி தீரும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு: ஒப்புகை வந்துவிட்டது, ஆனால் பாக்கெட் தொலைந்துவிட்டது. சிசி2420 என்ற ரேடியோ சிப், இந்தத் துறையின் ஆரம்ப காலத்தில் ஏகப்பட்ட நோடுகளில் இருந்தது, அதில் தானியங்கி ஒப்புகை வசதி உண்டு. பாக்கெட் பிழையில்லாமல் வந்ததும் சிப்பே ஒப்புகை போட்டுவிடும், மைக்ரோகன்ட்ரோலர் அதைக் கையில் வாங்கியதா இல்லையா என்று கேட்காது. அதன் வாங்கும் பஃபர் (வந்த பாக்கெட்டைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) மொத்தமே 128 பைட், முழு நீளப் பாக்கெட் ஒன்றுதான் கொள்ளும். மைக்ரோகன்ட்ரோலர் வேறு வேலையில் இருந்து பஃபரைப் படிக்காமலே காலி செய்ய நேர்ந்தாலோ, மேலே அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் கியூ ஏற்கனவே நிரம்பி வழிந்தாலோ, அந்தப் பாக்கெட் சத்தமில்லாமல் போய்விடும். அனுப்பிய நோடோ ஒப்புகை வந்த சந்தோஷத்தில் தன் நகலை அழித்திருக்கும். நோடுகளுக்கான இயங்குதளமான டைனிஓஎஸ்ஸில் ஒப்புகையை மென்பொருள் கைக்கு மாற்றியதற்கு இந்தப் பொய் ஒப்புகைகள்தான் காரணம். இந்தப் பிரச்சினை இருக்கும் இடத்தில் ரீட்ரை எண்ணிக்கை அழகாக, குறைவாக இருக்கும். எல்லா லிங்க்கும் நன்றாக இருப்பது போலத் தெரியும், சிங்க்கில் மட்டும் ஓட்டை விழுந்திருக்கும். சிங்க்குக்குப் பக்கத்தில் இருக்கிற நோடுகளின் கியூவைத்தான் முதலில் பார்க்க வேண்டும், எல்லோருடைய பாக்கெட்டும் அந்த வழியாகத்தான் போகிறது.

சரி, பாக்கெட்தான் காற்றில் தொலைகிறது என்று தெரிந்துவிட்டது, இப்போதாவது ரீட்ரையை ஏற்றலாமா? அவசரப்படாதீர்கள். ஏன் தொலைகிறது என்பதைப் பொறுத்தது அது. வந்து சேர்ந்த பாக்கெட்டுகளின் ஆர்எஸ்எஸ்ஐயையும் (சிக்னலின் வலு) எல்க்யூஐயையும் (சிக்னலின் தரம்) சேர்த்துப் பாருங்கள். சிக்னல் வலுவாக இருந்தும் எல்க்யூஐ அடிக்கடி விழுகிறது என்றால் குறுக்கீடாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சிக்னலே ரேடியோவின் கேட்கும் எல்லையை ஒட்டி, அதாவது சிசி2420-இல் சுமார் மைனஸ் 95 டிபிஎம் பக்கம் இருக்கிறது என்றால் தூரமோ, தடுப்போ, ஆன்டெனா திரும்பியிருப்பதோ காரணம். அந்த எல்லைக்குச் சற்று முன்னால் ஒரு சாம்பல் பகுதி இருக்கிறது. அங்கே இருக்கும் லிங்க் காலையில் 90 சதவீதம் கொடுக்கும், யாராவது குறுக்கே நின்றால் 20 கொடுக்கும். ஹாப் (ஒரு நோடிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது) எண்ணிக்கையை மட்டும் பார்த்து வழி தேர்ந்தெடுக்கும் ரூட்டிங் இந்த மாதிரி நீளமான, நடுங்குகிற லிங்க்குகளைத்தான் தேடித் தேடிப் பிடிக்கும், ஏனென்றால் அவைதான் ஒரே தாவலில் அதிக தூரம் போகும்.

குறுக்கீடு என்றால் பெரும்பாலும் வைஃபைதான். நம் நோடு அனுப்புவது ஒரு மில்லிவாட், வைஃபை நூறு மில்லிவாட் வரை போகும், அலைவரிசையும் ஒன்றே. 802.15.4-இல் 11 முதல் 26 வரை 16 சேனல். வைஃபை வழக்கமாக உட்காரும் 1, 6, 11 ஆகிய மூன்றுக்கும் இடையில் இருக்கும் சந்துகளில் 15-உம் 20-உம் விழும், 25-உம் 26-உம் அந்தப் பக்கம் தள்ளி இருக்கும். அதனால்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு 26-ஐ வைக்கிறார்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் பக்கத்தில் யாராவது வைஃபையை 13-இல் வைத்திருந்தால் 26-உம் காலி. நோடு ஒன்றை எதுவும் அனுப்பாமல், 16 சேனல்களின் இரைச்சலையும் மாற்றி மாற்றி அளந்துகொண்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார விடுங்கள். அலுவலக நேரத்தில் மட்டும் ரீட்ரான்ஸ்மிஷன் எகிறுகிறது, ராத்திரியில் அடங்குகிறது என்பது போன்ற மர்மங்கள் அதிலேயே விடுபட்டுவிடும். குறுக்கீட்டில் இன்னொரு விஷயம், அது ஒன்றொன்றாகச் சிதறி வராது, கொத்துக் கொத்தாக வரும். முதல் முயற்சி தோற்று, இரண்டு மூன்று மில்லிவினாடியில் அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று போட்டால் நாலும் அதே கொத்துக்குள் போய் விழும். கொஞ்சம் பொறுத்து அனுப்பினால் இரண்டாவதிலேயே போய்விடும். நேரம் குறித்து வைத்துக்கொண்டு சேனல் மாறி மாறி அனுப்பும் டிஎஸ்சிஹெச் முறை (2012-இல் 802.15.4இ திருத்தத்தோடு வந்தது) ஒவ்வொரு முயற்சியையும் வேறு சேனலில் போடுவது இந்தக் கொத்திலிருந்து தப்பிக்கத்தான். அதில் நேர ஒத்திசைவு போனால் எல்லாமே போச்சு என்பது தனிக் கதை.

மோதல் வேறு விஷயம். 1-க்கும் 2-க்கும் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது, இரண்டுக்கும் பேரன்ட் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 பேசும்போது 2 காது கொடுத்துப் பார்த்தால் அமைதியாகத்தான் இருக்கும், அதுவும் பேசும், 5-இன் காதில் இரண்டும் குழம்பும். கேட்டுவிட்டுப் பேசும் முறைக்கு இதில் ஒன்றும் செய்ய முடியாது. வைஃபையில் இருப்பது போல முதலில் அனுமதி கேட்டுவிட்டு அனுப்பும் ஏற்பாடு 802.15.4-இல் கிடையாது, இவ்வளவு சின்னப் பாக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. இங்கே ரீட்ரையை ஏற்றுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான், மோதியவை எல்லாம் மறுபடி மறுபடி வந்து மோதும். ஆனால் நான் பார்த்தவரை இப்படிப்பட்ட மோதல்களுக்குப் பெரிய காரணம் ரேடியோ இல்லை, நம் நிரல்தான். எல்லா நோடும் சரியாக நிமிடம் பிறந்ததும் அளவெடுத்து, எடுத்த கையோடு அனுப்புகின்றன. மீதி ஐம்பத்தெட்டு வினாடியும் காற்று காலியாகக் கிடக்கிறது. அளவெடுப்பது ஒரே நேரத்தில் இருக்கட்டும், அனுப்புவதை மட்டும் ஒவ்வொரு நோடும் தன் இஷ்டத்துக்கு ஒரு ரேண்டம் தாமதம் சேர்த்து அனுப்பினால் ரீட்ரான்ஸ்மிஷன் மளமளவென்று இறங்கும். ஒரே ஒரு வரி நிரல். இதைச் செய்யாமல் ரூட்டிங் புரோட்டோகாலை மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போது ரூட்டிங்குக்கு வருகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாத் தவறான கணக்குகளும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அது. ஹாப்பை எண்ணுவதற்குப் பதிலாக, ஒரு பாக்கெட் போய்ச் சேர எத்தனை தடவை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையே அளவுகோலாக வைக்கலாம் என்ற யோசனை 2003-இல் வந்தது, இடிஎக்ஸ் என்பார்கள். போகும் திசையில் 10-க்கு 9 பாக்கெட் போகிறது, ஒப்புகை 10-க்கு 5 வருகிறது என்றால், 0.9-ஐயும் 0.5-ஐயும் பெருக்கி ஒன்றை அதால் வகுக்க வேண்டும்: 2.2 தடவை. நல்ல அளவுகோல். சிடிபி என்ற ரூட்டிங் புரோட்டோகாலும் இதைத்தான் நம்புகிறது, 2012-இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஆர்பிஎல் என்ற இன்னொன்றிலும் பெரும்பாலும் இதுதான் ஓடுகிறது. ஆனால் அது நீங்கள் கொடுக்கிற எண்ணிக்கையைத்தான் நம்பும். சேனல் கிடைக்காத தோல்வியையும் ஒப்புகை இல்லாத தோல்வியையும் கலந்து கொடுத்தீர்கள் என்று வையுங்கள். கொஞ்சம் நெரிசல் வருகிறது. நல்ல லிங்க்கின் இடிஎக்ஸ் ஏறுகிறது. நோடு பேரன்ட்டை மாற்றுகிறது. மாறியதைப் பற்றி மேலேயும் கீழேயும் சொல்லியாக வேண்டும், அதற்குக் கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகள் கிளம்புகின்றன. ரேங்க் (சிங்க்கிலிருந்து நோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற எண்) பெரிதாக மாறினாலோ லூப் (பாக்கெட் வட்டமடிப்பது) தெரிந்தாலோ பல மென்பொருள்கள் டிரிக்கிள் டைமரை (அறிவிப்புப் பாக்கெட்டுகளுக்கு இடையிலான நேரத்தை முடிவுசெய்வது) ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆர்பிஎல் தரத்தில் அந்த ஆரம்ப இடைவெளியின் டிஃபால்ட் 8 மில்லிவினாடி. கான்டிக்கி என்ற நோடு இயங்குதளத்தில் அதை 4 வினாடிக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை. இந்தப் புதுப் பாக்கெட்டுகளால் நெரிசல் கூடுகிறது, பக்கத்து நோடுகளின் இடிஎக்ஸும் ஏறுகிறது, அவையும் பேரன்ட்டை மாற்றுகின்றன. லூப் விழுகிறது. லூப்பில் சுற்றும் பாக்கெட் வேறு காற்றை அடைக்கிறது. அரை நிமிட நெரிசலாக முடிந்திருக்க வேண்டியது அரை மணி நேரக் கூத்தாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ரூட்டிங் நிலையில்லாமல் இருக்கிறது என்றுதான் தெரியும், திட்டும் ரூட்டிங்குக்குத்தான் விழும்.

இப்படிப் பேரன்ட் விட்டுப் பேரன்ட் தாவுவதைத் தடுக்கத்தான் மாறுவதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆர்பிஎல்லுக்கான ஆர்எஃப்சி 6719 என்ற தர ஆவணத்தில் பரிந்துரைத்திருப்பது 192, இடிஎக்ஸ் கணக்கில் 1.5. புதுவழி பழையதைவிட அந்த அளவுக்காவது மேலாக இருந்தால்தான் மாற வேண்டும். இதைக் குறைத்துவிட்டுச் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அண்டை நோடுகளின் பட்டியல் சின்னதாக இருப்பதும் இதே தொல்லையைத்தான் தரும். நெருக்கமாக நட்ட இடத்தில் இருபது முப்பது நோடு காதில் விழும், பட்டியலில் பத்துக்குத்தான் இடம் என்றால், அளந்து வைத்த நல்ல நோடு வெளியே தள்ளப்பட்டு, திரும்ப வரும்போது முதலிலிருந்து அளக்க வேண்டியிருக்கும். அப்புறம், அறிவிப்புப் பாக்கெட்டுகளை வைத்து மட்டும் லிங்க்கை எடைபோடுவது. அவை குட்டியானவை, சுலபமாகப் போய்விடும். நூறு பைட் தரவுப் பாக்கெட் அதே லிங்க்கில் திணறும். உண்மையான தரவுப் பாக்கெட்டின் ஒப்புகையை வைத்துத்தான் கணக்கைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

டூப்ளிகேட்டைத் தள்ளும் இடத்திலும் ஒரு கண் வையுங்கள். வரிசை எண்ணுக்கு 8 பிட்தான் என்றால் 256-க்கு ஒரு தடவை திரும்பி வரும். நோடு ரீபூட் ஆகி எண்ணை மறுபடி பூஜ்யத்தில் ஆரம்பித்தால், பழைய எண்களை நினைவில் வைத்திருக்கும் பேரன்ட் புதுப் பாக்கெட்டைப் பழையது என்று தூக்கிப் போடும், ஒப்புகையும் கொடுத்துவிட்டு! லூப்பில் சுற்றி வந்த பாக்கெட்டும் இப்படித்தான் டூப்ளிகேட் வேஷத்தில் வரும். அதைப் பிரித்தறியத்தான் சிடிபியில் ஒவ்வொரு ஹாப்பிலும் ஒன்று கூடும் ஒரு எண்ணைப் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறார்கள். எண் அதேதான் என்றால் ரீட்ரான்ஸ்மிஷன், கூடியிருந்தால் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. சொந்தமாக ரூட்டிங் எழுதுகிறவர்கள் இந்த ஒரு பைட்டை மிச்சம் பிடிக்காமல் இருந்தால் நல்லது.

மேல் அடுக்கில் கோஆப் (சின்னக் கருவிகளுக்கான தகவல் பரிமாற்றப் புரோட்டோகால்) போன்ற ஒன்று ஓடினால் அதுவும் தன் பங்குக்கு மறுபடி அனுப்பும். அதன் டிஃபால்ட் 4 ரீட்ரை, ஆக 5 முயற்சி. கீழே ஒவ்வொன்றுக்கும் 4. ஒரே ஹாப்பில் ஒரே தகவல் 20 தடவை காற்றில் போகலாம். கீழே 10 ரீட்ரை வைத்தவர்களுக்கு அது 55. பாக்கெட் பெரிதாகி 6லோபேன் (இணையப் பாக்கெட்டை இந்தச் சின்னப் பாக்கெட்டுகளில் அடைக்கும் அடுக்கு) அதைத் துண்டு போட்டால் இன்னும் மோசம், ஒரு துண்டு போனாலும் மொத்தமும் வீண். துண்டுக்கு 99 சதவீதம் என்று பார்க்க நன்றாக இருக்கும், 12 துண்டு சேர்ந்தால் 89-க்குக் கீழே வந்துவிடும்.

ஒரு தடவை கூடுதலாக அனுப்பினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பார்கள். உங்கள் கட்டுரையில் அனுப்பும்போதுதான் பேட்டரி தீர்கிறது என்றும் இருந்தது. சிசி2420-இல் முழுச் சக்தியில் அனுப்ப 17.4 மில்லியாம்பியர், கேட்டுக்கொண்டிருக்க 18.8. ஒப்புகைக்குக் காத்திருப்பதும் அடுத்த நோடு அனுப்புவதை ஒட்டுக்கேட்பதும் இலவசம் இல்லை. தூங்கித் தூங்கி விழிக்கும் வலைப்பின்னலில் கணக்கு இன்னும் மாறும். வாங்கும் நோடு வினாடிக்கு 8 தடவைதான் கண் விழிக்கிறது என்றால், அது எப்போது விழிக்கும் என்று தெரியாத நோடு 125 மில்லிவினாடி வரை அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ‘ஒரு முயற்சி’ என்று லாக்கில் இருப்பது இதுதான். நாலு முயற்சி என்றால் அரை வினாடி அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. விழிக்கும் நேரத்தைக் கற்றுக்கொண்ட பிறகு இது குறையும், ஆனால் தொடர்ந்து ஒப்புகை வராவிட்டால் கற்றதை மறந்துவிட்டு மறுபடி முழு நேரமும் அனுப்ப ஆரம்பிக்கும்.

ரீட்ரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹாப்புக்கு 90 சதவீதம் கிடைக்கும் லிங்க்குகளில் ரீட்ரை இல்லாமல் 5 ஹாப் போனால் வந்து சேர்வது 59 சதவீதம்தான். 3 ரீட்ரை போட்டால் 99.9-க்கு மேல் போய்விடும், இதைவிட மலிவான வித்தை வேறில்லை. ஆனால் 30 சதவீத லிங்க்கில் அதே 3 ரீட்ரை 76 வரைதான் கொண்டுபோகும், மூன்று ஹாப்பில் 44. அங்கே எண்ணை ஏற்றினால் முன்னால் நிற்கும் பாக்கெட் நகராது, பின்னால் கியூ நிரம்பும், நல்ல நிலையில் உள்ள மற்ற பாக்கெட்டுகளும் சேர்ந்து தொலையும். சிடிபியில் 30 ரீட்ரை வரை வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே முயற்சிகளுக்கு நடுவில் பேரன்ட்டே மாறிவிடும், 30-உம் ஒரே கதவைத் தட்டுவதில்லை.

நெதர்லாந்தில் ஓர் உருளைக்கிழங்கு வயலில் சுமார் நூறு நோடுகளை நட்டவர்கள், கடைசியில் கிடைத்தது 2 சதவீதத் தரவுதான் என்று 2006-இல் வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்கள். அந்தத் துணிச்சல் அபூர்வம். வழக்கமாகச் செய்திகளில் வருவது ‘99 சதவீதம் வந்து சேர்ந்தது’ என்ற ஒற்றை எண். ஹாப்புக்கு 1.1 தடவை அனுப்பி 99 வாங்கிய வலைப்பின்னலும், 4 தடவை அனுப்பி 99 வாங்கியதும் அந்த எண்ணில் ஒன்றுபோலத்தான் தெரியும். முன்னது பல மாதம் ஓடும் பேட்டரியில் பின்னது சீக்கிரமே படுத்துவிடும்.

எனவே அடுத்து இந்த மாதிரிச் செய்தி வரும்போது, உங்கள் நிருபர் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும்: ஒரு பாக்கெட் ஒரு ஹாப்பைத் தாண்டச் சராசரியாக எத்தனை தடவை அனுப்ப வேண்டியிருந்தது, அதில் எத்தனை டூப்ளிகேட்டாகப் போய்ச் சேர்ந்தது. அந்த எண்கள் கையில் இல்லை என்று சொன்னால், இல்லை என்பதையும் செய்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்